பீதி வேறு, முன்னேற்பாடு வேறு

(கோவளத்தில் மீன்பிடித் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று இங்கு நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், "கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நாளில் கெட்டுப் போனால் ஜனங்கள் என்ன செய்வது?" என்பதாகும். கூட்டத் துண்டு விளம்பரத்தில் இதைப் படித்த ஒரு தோழர் சற்று முன் டீக்கடையில் நம்மை நிறுத்தி, "ஐயா, நாங்கள் படகும் வலையும் வைத்துப் பிழைக்கிறவர்கள், கம்ப்யூட்டர் கெட்டால் அது கேளம்பாக்கத்துக்கு அந்தண்டை கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கல்லவா கவலை?" என்று கேட்டார். கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் அதே தோழர் டீக்குக் காசு கொடுத்தது எப்படி என்று பார்த்தோம். சட்டைப் பையில் கையை விடவில்லை. செல்போனை எடுத்துக் கடைக்காரர் ஒட்டியிருந்த கட்டம் போட்ட சீட்டுக்கு நேரே காட்டினார். படகில் திசை காட்டும் ஜி.பி.எஸ். கருவி கம்ப்யூட்டர், ரேஷன் கடையில் விரல் வைக்கும் எந்திரம் கம்ப்யூட்டர், "கடலுக்குப் போகாதே" என்று வரும் எச்சரிக்கை கம்ப்யூட்டர் வழியாய் வருவது, கூடையில் மீன் விற்கும் தாய்மார்கள் கூட இன்று அந்தக் கட்டச் சீட்டை வைத்துத்தான் காசு வாங்குகின்றார்கள். ஆகவே கம்ப்யூட்டர்காரர் யார், படகுக்காரர் யார் என்று பிரித்துப் பேசும் காலம் போய்விட்டது.

நாம் இந்த சாஸ்திரத்தைக் காலேஜில் படித்தவர்கள் அல்ல. பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பிறகு கற்றதெல்லாம் லைப்ரரிப் புத்தகத்திலும், தெரிந்தவர்களை நச்சரித்துக் கேட்டதிலும் கிடைத்ததுதான். நாம் சொல்வதில் தப்பு இருப்பதாகப் பட்டால் நடுவில் எழுந்து கேட்கலாம். கோபித்துக் கொள்ள மாட்டோம்.

1999-ம் வருஷக் கடைசியில் நமக்கு இருபது வயது கூட நிரம்பவில்லை. தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனுக்குச் சமீபமாக ஒரு எஸ்.டி.டி. பூத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தோம். டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை. "இன்று ராத்திரி 12 மணிக்கு உலகத்திலுள்ள கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும், ஆகாய விமானம் கீழே விழும், பாங்கில் போட்ட பணம் மாயமாய்ப் போகும்" என்று ஊரெல்லாம் பேச்சு. பூத் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? பில் போடும் எந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோர்த்துத் தொங்கவிட்டு, ஒருவருக்கு 51 ரூபாய் தட்சிணை கொடுத்து மந்திரமும் சொல்ல வைத்தார். மறுநாள் காலையில் எந்திரம் ஓடிற்று. முதலாளிக்குப் பரம சந்தோஷம். ஆனால் பில்லில் வருஷம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சைபர் விழுந்திருந்தது. ஒரு வாடிக்கைக்காரர், "வருஷமே இல்லாத பில்லுக்குப் பணம் தரமாட்டேன்" என்று தகராறு செய்தார். எலுமிச்சம்பழம் அப்போதும் அங்கேயே தொங்கிக் கொண்டுதான் இருந்தது.

அந்த இரண்டு சைபர்தான் சங்கதி முழுவதும். கம்ப்யூட்டர் தோன்றிய நாளில் அதன் ஞாபக இடம் யானை விலை. விவரங்களை 80 கட்டம் உள்ள அட்டையில் துளை போட்டு ஏற்றினார்கள். ஒவ்வொரு கட்டமும் காசு. அதனால் 1965 என்று நாலு எண் போடுவதற்குப் பதில் 65 என்று இரண்டே எண் போட்டார்கள். நாமும் அப்படித்தானே, "65-ல் கல்யாணம், 78-ல் வீடு கட்டினோம்" என்கிறோம்? மனிதனுக்குப் புத்தியிருக்கிறது, எந்த நூற்றாண்டு என்று தெரிந்து கொள்கிறான். எந்திரத்துக்குச் சொன்னது மட்டுமே தெரியும். 99-க்கு அப்புறம் 00 வந்தால் அது 2000 ஆ, 1900 ஆ என்று அதற்கு விளங்காது. 99-ல் கடன் வாங்கியவன் 00-ல் கட்டினால், 99 வருஷம் முன்னாடியே கட்டிவிட்டான் என்று கணக்குப் போடும். அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்தில் 1992-ல் 104 வயதுக் கிழவி ஒருவருக்குக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் சேரும்படி கடிதம் வந்தது. பிறந்த வருஷம் 88 என்று இருந்ததால் நாலு வயதுக் குழந்தை என்று எந்திரம் நினைத்துவிட்டது. சிரிப்பாய்த்தான் இருக்கிறது. ஆனால் அதே தப்பு ஆஸ்பத்திரியில், மின்சார நிலையத்தில், பாங்கில் வந்தால் சிரிப்பு வராது.

இப்படி ஒரு கோளாறு இன்ன தேதியில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரிந்த ஆபத்தை ஜனங்களுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அன்று எல்லா சர்க்காருக்கும் வந்த சங்கடம். சொல்லாமல் விட்டால் வதந்தி சொல்லிவிடும். அதிகமாய்ச் சொன்னாலோ, கம்ப்யூட்டர் செய்ய முடியாத நாசத்தை ஜனங்களே செய்து விடுவார்கள். ஒரே நாளில் எல்லோரும் பாங்குக்குப் போய்ப் பணத்தை எடுத்தால், எந்த எந்திரமும் கெடாமலே பாங்கு மூடிக்கொள்ளும். எல்லோரும் ஒரு மாத அரிசியை வாங்கி அடுக்கினால், வாரக் கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரியாது.

இங்கிலாந்தில் "ஆக்ஷன் 2000" என்று சர்க்கார் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தி, வீட்டுக்கு வீடு சிறு புத்தகம் அனுப்பினார்கள். பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் விளம்பரம் செய்தார்கள். சாமான்களை வாங்கிக் குவிக்க வேண்டாம், வழக்கமாகப் பண்டிகை விடுமுறைக்கு வைத்திருக்கும் அளவே போதும் என்பது அதன் தாத்பரியம். அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கமும் சர்க்கார் இலாகாவும், ஒரு பெரும் புயலுக்கு எப்படித் தயாராவீர்களோ அந்த மாதிரி தயாராகுங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்றார்கள். இது நல்ல யோசனை. புயலுக்குத் தயாராவது எப்படி என்று சம்சாரிக்குத் தெரியும். டார்ச்சு லைட், குடிதண்ணீர், கொஞ்சம் ரொக்கம், மருந்து. தெரியாத பூதத்தைத் தெரிந்த புயலோடு ஒப்பிட்டுச் சொன்னதால் பாதி பயம் போய்விட்டது. அதோடு அமெரிக்க மத்திய பாங்கு, கேட்கிறவர்களுக்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டுமே என்று 5000 கோடி டாலர் நோட்டை உபரியாகத் தயார் செய்து வைத்துக் கொண்டது. "பயப்படாதே" என்று வாயால் சொன்னதோடு நிற்காமல், பயந்தவன் வந்தால் கொடுப்பதற்கும் கையில் வைத்திருந்தார்கள். அந்நாட்டு விமானப் போக்குவரத்து இலாகாவின் தலைவி ஜேன் கார்வி அம்மையார், அந்த நடுராத்திரியில் தாமே ஒரு விமானத்தில் ஏறி ஆகாயத்தில் இருந்தார். விளம்பரம் என்றால் அதுவல்லவா விளம்பரம்!

நம் நாட்டில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். இந்திய சர்க்கார் மான்டேக் சிங் அலுவாலியா தலைமையில் ஒரு குழு போட்டது. ரிசர்வ் பாங்கு மற்ற பாங்குகளை நெருக்கி வேலை வாங்கிற்று. உள்ளே வேலை நடந்தது. ஆனால் வெளியே சாமானிய ஜனங்களுக்குச் சொன்ன விதம்தான் போதாது. நம் கண்ணில் பட்ட விளம்பரம் எல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ். "ஒய்2கே கம்ப்ளயன்ட்" என்று ஒரு சீட்டைக் கம்ப்யூட்டரில் ஒட்டி விற்றார்கள். தாம்பரத்தில் ஒரு கடைக்காரர் அதைப் புதிய கம்பெனியின் பெயர் என்றே நினைத்துக் கொண்டிருந்தார். படித்தவனுக்கு மட்டும் புரியும் பாஷையில் எச்சரிக்கை செய்துவிட்டு, "பாமர ஜனங்கள் வதந்தியை நம்புகிறார்களே" என்று தலையில் அடித்துக் கொள்வது என்ன நியாயம் என்று கேட்கின்றோம். அவர்களுக்குப் புரியும் பாஷையில் பேசினது வதந்தி ஒன்றுதானே?

பிழைப்புக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் ஜெர்ரி பால்வெல் என்னும் பேர்போன பாதிரியார், 1998-ல் இந்தக் கம்ப்யூட்டர் கோளாறைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்கு வழிகாட்டி என்று ஒரு வீடியோவைத் தயாரித்து விற்றார். கடவுள் அந்த தேசத்தை உலுக்குவதற்கு இது ஒரு கருவியாகலாம் என்பது அவர் பிரசங்கம். ஜெனரேட்டர், உலர்ந்த சாப்பாடு, துப்பாக்கி இத்தியாதிகளுக்கெல்லாம் அங்கே நல்ல கிராக்கி. கோபால் என்னும் பழைய கம்ப்யூட்டர் பாஷை தெரிந்தவர்களுக்கு இங்கே கிராக்கி. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. (பெயரைக் கேட்டு ஆள் என்று நினைத்து விடாதீர்கள், அது பாஷைதான்.) மேல்நாட்டுக் கம்பெனிகளின் லட்சக்கணக்கான வரிகளை வரி வரியாகப் படித்து, தேதி வருகிற இடத்தை எல்லாம் திருத்திக் கொடுத்தவர்களில் நம் பிள்ளைகள் ஏராளம். தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-ம் வருஷம் ஜூலையில். அந்த ரோட்டோரக் கண்ணாடிக் கட்டடங்களின் அஸ்திவாரத்தில் இந்த இரண்டு சைபருக்கும் பங்கு உண்டு.

நிற்க. ராத்திரி 12 மணி அடித்தது. என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஜப்பானில் இஷிகாவா ஜில்லாவில் அணுமின் நிலையத்தின் கதிர் வீச்சைக் கவனிக்கும் கருவி ஒன்று நின்றது, ஆபத்தில்லை என்றார்கள். அமெரிக்காவின் வேவு பார்க்கும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களைத் தரையில் வாங்கிச் சரிப்படுத்தும் எந்திரம் சில நாள் தடுமாறிற்று. நியூயார்க்கில் வாடகை வீடியோ எடுத்த ஒருவருக்கு நூறு வருஷத் தாமதக் கட்டணம் என்று 91,250 டாலர் பில் வந்தது. விமானம் விழவில்லை. இங்கிருந்து தெற்கே கல்பாக்கத்து அணு உலைகளைப் பற்றியும் அன்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அங்கும் விபரீதம் ஒன்றும் வரவில்லை.

உடனே என்ன சொன்னார்கள்? "எல்லாம் புளுகு! கம்ப்யூட்டர்காரன் பணம் பறிக்கச் செய்த சூழ்ச்சி!" என்றார்கள். இன்றும் சொல்கின்றார்கள். உலகம் முழுதும் சேர்ந்து இதற்குச் செலவான தொகை 30,000 கோடி டாலருக்குக் குறையாது என்று மதிப்பிட்டிருந்தார்கள். அவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

இந்த இடத்தில்தான் பகுத்தறிவு பேசுகிற நமக்கே ஒரு சோதனை இருக்கின்றது. 1962-ம் வருஷம் பிப்ரவரி 3, 4, 5 தேதிகளில் எட்டுக் கிரகம் மகர ராசியில் கூடுகிறது, உலகம் அழியப் போகிறது என்று இந்த தேசம் முழுவதும் அமர்க்களப்பட்டது. ஊர் ஊராக யாகம், ஹோமம். மணங்கு மணங்காய் நெய் நெருப்பில் போயிற்று. அந்த எட்டுக் கிரகத்தின் யோக்கியதை என்ன? ஒன்று சூரியன், அது நட்சத்திரம். ஒன்று சந்திரன், அது பூமியைச் சுற்றுவது. ஒன்று கேது, அப்படி ஒரு வஸ்துவே ஆகாயத்தில் கிடையாது. மீதி ஐந்துதான் கிரகம். உலகம் அழியவில்லை. "பார்த்தீர்களா, யாகம் செய்ததால் தப்பினோம்" என்றார்கள். நாம் சிரித்தோம்.

சரி, 2000-ல் கம்ப்யூட்டர்காரர் என்ன சொன்னார்? "நாங்கள் வேலை செய்ததால் தப்பினோம்" என்றார். இரண்டும் ஒரே மாதிரி இல்லையா? அங்கே சிரித்தவன் இங்கே ஏன் சிரிக்கவில்லை? இந்தக் கேள்வியை ஒரு முறை நம்மிடம் ஒரு ஜோசியரே கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார். அன்று நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாயை மூடிக் கொண்டு வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தோம்.

பதில் இதுதான். கம்ப்யூட்டர்காரனுடைய ஆபத்தை ராத்திரி 12 மணிக்குக் காத்திருக்காமலே பரீட்சை செய்து பார்க்கலாம். எந்திரத்தின் கடியாரத்தை முன்னாடி திருப்பி, 2000 ஜனவரி 1 என்று வைத்தால், திருத்தாத எந்திரம் அங்கேயே உங்கள் கண் முன்னால் தப்புக் கணக்குப் போடும். திருத்திய பிறகு மறுபடி திருப்பினால் சரியாய்ப் போடும். யார் வேண்டுமானாலும், எத்தனை தரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாகக்காரர் அப்படிக் காட்ட முடியுமா? யாகம் செய்த ராஜ்யம் பிழைத்தது, செய்யாத ராஜ்யம் அழிந்தது என்று ஒரு இடத்தையாவது காட்டினாரா? ருஷ்யாவிலும் சீனாவிலும் யார் நெய் ஊற்றினார்கள்? ஆனால் திருத்தாமல் விட்ட கம்ப்யூட்டர் என்ன செய்தது என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. அதைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்து, குழந்தைக்கு டவுன் என்னும் பிறவிக் குறை இருக்கக் கூடுமா என்று கணக்குச் சொல்லும் கம்ப்யூட்டர் இருந்தது. தாயின் வயது ஏற ஏற அந்தச் சாத்தியம் கூடும். ஆகவே கணக்குக்கு வயது முக்கியம். 2000 ஜனவரி பிறந்ததும் அந்த எந்திரம் வயதைத் தப்பாய்க் கணக்கிட ஆரம்பித்தது. நிற்கவில்லை, மணி அடிக்கவில்லை, புகை வரவில்லை. ஒழுங்காய் ஓடுவது போலவே ஓடி, "உங்களுக்குப் பயமில்லை" என்று 150-க்கு மேற்பட்ட தாய்மார்களுக்குத் தப்பாய்ச் சொல்லிவிட்டது. மே மாதம் வரை யாருக்கும் தெரியாது. குறையுள்ள குழந்தைகள் வழக்கத்துக்கு அதிகமாயிருப்பதைக் கண்டு ஒரு சுகாதார ஊழியர் கேள்வி கேட்ட பிறகே விஷயம் வெளியாயிற்று. அதற்குள் அப்படித் தப்புப் பதில் பெற்றவர்களில் நாலு பேருக்குக் குழந்தைகள் பிறந்துவிட்டன; இரண்டு பேர் நாட்கடந்து கருவைக் கலைக்கும்படியாயிற்று. குழந்தை எப்படிப் பிறந்தாலும் குழந்தைதான், அதில் நமக்கு வாதமில்லை. ஆனால் ஒரு தாய்க்குத் தன் வயிற்றிலிருப்பதைப் பற்றி உண்மையைக் கேட்டு, யோசித்து, தானே முடிவு செய்யும் உரிமையை இரண்டு சைபர் பறித்துவிட்டது. "ஒன்றும் நடக்கவில்லை" என்கிற வீரர்கள் அந்தத் தாய்மார்களிடம் போய் அதைச் சொல்லட்டும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இத்தாலி, ருஷ்யா போன்ற தேசங்கள் இங்கிலாந்தும் அமெரிக்காவும் போலச் செலவு செய்யவில்லை. அவைகளும் பெருஞ் சேதமில்லாமல் தப்பின. இது எதிர்க்கட்சிக்காரருக்கு நல்ல ஆயுதம். அங்கே கம்ப்யூட்டரை நம்பி நடக்கும் காரியம் குறைவு என்பதும், மற்றவன் காசில் திருத்திய சரக்கே அவர்களுக்கும் கிடைத்தது என்பதும் உண்மை. ஆனாலும் செலவழித்ததில் ஒரு பகுதி வீண் என்றே நமக்குத் தோன்றுகிறது. பயம் இருக்கிற இடத்தில் பில்லைக் கூட்டி எழுதுவது மனித சுபாவம். அதற்காக வேலையே வீண் என்று சொல்லக் கூடாது. வைத்தியன் அதிகப் பணம் வாங்கினான் என்பதால் காய்ச்சலே பொய் என்று ஆகிவிடுமா?

இனி இந்தக் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் கடல் ஏறி வந்தபோது நமக்கு யாரும் எச்சரிக்கை செய்யவில்லை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியும், அந்தச் சேதி இந்தக் கரைக்கு வந்து சேர வழியில்லை. தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8000 உயிர் போயிற்று. உங்களுக்கு நாம் அதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அன்று ஓடியவர்கள் இருக்கிறீர்கள்.

அதற்கு நாலு நாள் கழித்து, டிசம்பர் 30-ந் தேதி நடந்ததைத்தான் ஞாபகப்படுத்த விரும்புகின்றோம். அமெரிக்காவில் ஒரு தனியார் கம்பெனி மறுபடி பூகம்பம் வரும் என்று சொன்னதை வைத்துக் கொண்டு, டில்லியில் உள்துறை இலாகா மறுபடியும் கடல் பொங்கலாம் என்று எச்சரிக்கை விட்டது. பிணங்கள் கூட இன்னும் எடுத்து முடியவில்லை. ஜனங்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். நாகப்பட்டினத்தில் நிவாரண வேலையே நின்றது. அன்றைக்கே விஞ்ஞான இலாகா மந்திரி கபில் சிபல், அதற்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்று தள்ளிப் பேசினார். ஒரு சர்க்கார், இரண்டு வாய். பூகம்பம் இன்ன நாளில் இன்ன மணிக்கு வரும் என்று சொல்ல உலகத்தில் இன்று வரை யாருக்கும் வித்தை தெரியாது. அதைக் கம்பெனி சொன்னால் என்ன, பஞ்சாங்கம் சொன்னால் என்ன? முதல் தடவை சொல்லாமல் கொன்றார்கள். இரண்டாம் தடவை தெரியாததைச் சொல்லி விரட்டினார்கள். அதற்கடுத்த தடவை உண்மையாகவே எச்சரிக்கை வந்தால் எத்தனை பேர் நம்புவார்கள் என்ற பயமே அன்று நமக்கு வந்தது.

பிறகு 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் வந்தது. 2012 ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ரா பக்கம் 8.6 அளவில் பெரும் பூகம்பம் உண்டானபோது அங்கிருந்து எச்சரிக்கை வந்து, கரைகளிலிருந்து ஜனங்களை அப்புறப்படுத்தினார்கள். கடல் பெரிதாய் ஏறாது என்று தெரிந்ததும் எச்சரிக்கையை வாபஸ் வாங்கினார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. இது முன்னேற்பாடு. எதனால் சொல்கிறோம், எங்கே வரைக்கும் ஆபத்து, எப்போது ஆபத்து தீர்ந்தது என்று மூன்றையும் சொன்னார்கள். "தீர்ந்தது" என்று சொல்வதைத்தான் அநேகர் மறந்து விடுகிறார்கள். 2023 அக்டோபரில் எல்லோர் செல்போனும் ஒரே நேரத்தில் அலறியதே, ஞாபகமிருக்கிறதா? அது வெறும் பரீட்சை என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருந்தது. அப்படியிருந்தும் எத்தனை பேர் போனை வீசிவிட்டு ஓடினார்கள்! பரவாயில்லை, ஒரு தரம் ஓடியவன் அடுத்த தரம் படித்துப் பார்ப்பான்.

கம்ப்யூட்டர் கோளாறுக்கு வருவோம். 2000-த்தோடு அது தீர்ந்து போயிற்று என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19-ந் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பந்தோபஸ்துக் கம்பெனி அனுப்பிய ஒரு தப்பான திருத்தத்தால் உலகத்தில் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. விமான நிலையங்களில் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். காவலுக்கு வைத்த நாயே வீட்டுக்காரனைக் கடித்த கதை! தேதி தெரிந்த ஆபத்துக்கு உலகம் மூன்று நாலு வருஷம் தயாராயிற்று. இது தேதி சொல்லாமல் வந்தது. 2025 ஏப்ரல் 12-ந் தேதி செல்போனில் பணம் அனுப்புவது தேசம் முழுவதும் மணிக்கணக்கில் தடைப்பட்டது. அன்று மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு அது எப்படியிருந்திருக்கும்? வாங்குகிறவரிடம் சில்லறை இல்லை. ஐஸ் உருகிக் கொண்டே இருக்கும். அதனால் நாம் சொல்வது: வீட்டில் ஒரு வாரச் செலவுக்கு ரொக்கம் இருக்கட்டும். ஒரு வாரம், ஒரு வருஷம் அல்ல. பாங்கிலிருப்பதை எல்லாம் எடுத்துப் பானையில் போடச் சொல்லவில்லை. முக்கியமான போன் நம்பர் நாலை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இன்று நம்மில் எத்தனை பேருக்குச் சொந்தப் பெண்சாதியின் நம்பர் மனப்பாடம்?

தேதி தெரிந்த ஆபத்தும் மறுபடி ஒன்று வருகிறது. பழைய மாதிரிக் கம்ப்யூட்டர்கள் பல, 1970 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு விநாடியாக எண்ணிக் கொண்டே வருகின்றன. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 2038 ஜனவரி 19-ந் தேதி, நம் கடியாரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு நிரம்பிவிடும். அதற்கு அடுத்த விநாடி, திருத்தப்படாத எந்திரம் 1901-ம் வருஷத்துக்குப் போய்விடும். அன்று செவ்வாய்க்கிழமை. ராகுகாலம் மாலை 3 மணிக்கு மேல். எமகண்டம் காலை 9 மணிக்கு மேல். 8.44 இரண்டிலும் இல்லை! பஞ்சாங்கத்தில் அந்த நேரத்துக்குப் பரிகாரம் தேடுகிறவர்களுக்கு இது ஒரு சங்கடம். புது எந்திரங்களில் இடத்தை இரட்டிப்பாக்கித் திருத்திவிட்டார்கள். பழையவை, எங்கோ மூலையில் கம்பத்திலும் பம்பிலும் லிப்டிலும் பொருத்தி மறந்து போனவைதான் கவலை.

படகில் உள்ள ஜி.பி.எஸ். கருவிக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. அது 1980 ஜனவரி 6 முதல் வாரம் வாரமாக எண்ணுகிறது. 1024 வாரம் ஆனதும் சைபருக்குத் திரும்புகிறது. 1999 ஆகஸ்டில் ஒரு தரம் திரும்பிற்று. ஜப்பானில் கார்களில் வழி காட்டும் கருவிகள் சில அன்று திண்டாடின. 2019 ஏப்ரலில் இரண்டாம் தரம். அப்போது நியூயார்க் நகரசபையின் கம்பியில்லாத் தந்தி வலையே பல நாள் படுத்துவிட்டது. அடுத்தது 2038 நவம்பரில். அந்தந்தக் கம்பெனி உள்ளே வைத்த கணக்கைப் பொறுத்து, சில கருவிகளில் இந்தத் தொந்தரவு வேறு தேதியிலும் வரும். அநேகமாக இடம் சரியாகவே காட்டும். தேதி மட்டும் இருபது வருஷம் பின்னால் போகும். ஆனால் "அநேகமாக" என்ற வார்த்தையை நம்பிக் கரை தெரியாத தூரத்தில் மூன்று பேர் உயிரை வைக்கலாமா என்பதை, கடலுக்குப் போகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். இருநூறு முன்னூறு ரூபாய்க்கு ஒரு காந்த ஊசிப் பெட்டி வருகிறது. அதற்குப் பாட்டரி வேண்டாம், தேதியும் தெரியாது. கரையிலுள்ள கட்டடத்தையும் கோபுரத்தையும் குறி பார்த்து இடம் கண்டுபிடிக்கும் வித்தை உங்களில் பெரியவர்களுக்குக் கைவந்தது. பையன்களுக்கு அதை இப்போதே சொல்லிக் கொடுங்கள். எந்திரம் இருக்கிறதே என்று அந்த வித்தையை உங்களோடு புதைத்துவிடாதீர்கள்.

நேரமாகிவிட்டது, விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். கூட்டத்துக்கு வரும்போது படகுக் கருவிகளைக் கொண்டு வரும்படி துண்டு விளம்பரத்தில் எழுதியிருந்தோம். ஏழெட்டுப் பேர் கையில் இருப்பது தெரிகிறது. அவைகளை இப்படி மேஜைமேல் வையுங்கள். நம்மோடு வந்திருக்கும் தோழர் ஒவ்வொன்றிலும் தேதி என்ன காட்டுகிறது என்று பார்த்து, கருவியின் பெயரையும் படகின் நம்பரையும் நோட்டில் எழுதிக் கொள்வார். தேதி தப்பாயிருக்கிற கருவியை ஏலத்துக்குப் போடவும் வேண்டாம், கடலில் எறியவும் வேண்டாம். கம்பெனிக்காரன் திருத்தம் கொடுத்திருக்கிறானா என்று விசாரித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு இதே இடத்தில் வந்து சொல்கின்றோம்.